காற்றுக்கு எதிராக விழுந்த மரம்

சாலையோரம் காரை நிறுத்தி இறங்கிய நகரத்துப் பெண், கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சிரிக்கும்படி நெஜாத்திடம் கேட்டாள். பூத்து நிறைந்த வாதுமை மரத்தின் கீழே, கையில் கவாத்துக் கத்தரியுடன் நின்றிருந்த அவர், கேட்ட மாத்திரத்தில் சிரித்தார். எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்று தெரியாததால், அவள் கைபேசியைத் தாழ்த்திய பிறகும் சிரிப்பு முகத்தில் நின்றது. ஜனவரியில் இப்படியொரு பூவைத் தான் பார்த்ததே இல்லை என்றாள் அவள். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்த அவள் கணவன், இந்த ஆண்டு விளைச்சல் கொட்டும் அல்லவா என்று கேட்டான். கடவுள் விட்ட வழி என்றார் நெஜாத். அதை அவர்கள் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கார் போன பிறகு தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, முதலில் மலர்ந்து முதலில் இதழ் உதிர்த்த பூக்களைப் பார்த்தார். இதழ் போனபின் எஞ்சும் சிறு கிண்ணத்தின் நடுவே, கரு பிடித்திருந்தால், பச்சையாக ஒரு மணி பருத்திருக்கும். அதன்மேல் பூனைக் காதில் இருப்பதுபோல மென்மயிர் படர்ந்திருக்கும். இவை மஞ்சளித்திருந்தன. கட்டைவிரல் பட்டதும் காம்போடு கழன்று உள்ளங்கையில் விழுந்தன. அடுத்த கிளையிலும் அப்படித்தான். அடுத்த மரத்திலும் அப்படித்தான். மேற்கிளைகளில் பாதி மொட்டுகள் இன்னும் விரியவில்லை. ஒரு வாரத்தில் அவையும் விரிந்துவிடும், அதன்பின் செய்வதற்கு எதுவும் இருக்காது. சாலையில் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கும் இந்தப் பூ, ஒரு கொட்டைகூட வைக்காமல் உதிரப்போகிறது என்பது அந்த மலைச்சரிவில் நெஜாத் ஒருவருக்குத்தான் தெரியும். அதற்குக் காரணமும் தனக்கு மட்டுமே தெரியும் என்றுதான் அப்போது நம்பினார்.

குளிர் வராத குளிர்காலம் அது. புத்தாண்டன்று இளவட்டங்கள் கடலில் இறங்கிக் குளித்தார்கள். பள்ளிக்கூட வாசலில் இருந்த மிமோசா மரம் டிசம்பரிலேயே மஞ்சள் பொடிப்பந்துகளைக் கொட்டித் தரைக்குச் சாயம் போட்டிருந்தது. ஒலிவத் தோப்புகளின் அடியில் சிவப்பும் ஊதாவுமாய் அனிமோன் பூக்கள் விரிந்தன; சந்தையில் பெண்கள் வாளிகளில் வைத்து விற்கும் நெர்கிஸ் பூங்கொத்துகள் வழக்கமான நாளுக்கு வெகு முன்பே தீர்ந்துபோயின. இரும்பு அடுப்புகளைத் துடைத்து, புகைக்குழாய் பொருத்தி, ஏற்றாமலே வைத்திருந்தார்கள். வயதானவர்கள் இது நல்லதற்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே, மேல்கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, காப்பிக்கடைக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

நெஜாத்தின் தோட்டமும் அண்டைவீட்டு ஹூரியேயின் தோட்டமும் ஒரே சரிவில் இருந்தன. இடையில் இடுப்பளவு உயரமுள்ள கற்சுவர். வடக்கே அவளுடையது, தெற்கே அவருடையது. இரண்டிலும் நின்றவை ஒரே இன மரங்கள்: மெல்லிய ஓடு, பெரிய பருப்பு. ஒரே தாய்மரத்திலிருந்து மொட்டு எடுத்து எல்லாவற்றுக்கும் ஒட்டுக் கட்டியவர் நெஜாத். அந்தத் தீபகற்பத்தில் ஒட்டுக் கட்ட வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு தோட்டங்களையும் ஒரே இனமாக்கிவிடலாம் என்று ஹூரியேயின் கணவன் யாகுப்புக்கு யோசனை சொன்னவரும் அவரே. ஒரே தாயின் மொட்டில் வளர்ந்த மரங்கள் தமக்குள் கரு பிடிக்க மாட்டா. வேறொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். அந்த வேறு மரம் ஹூரியேயின் பக்கம், சுவரை ஒட்டி நின்றது. யாரும் நடாமல் தானாக முளைத்த கசப்பு வாதுமை. மற்றவை மொட்டுக் கட்டும் முன்பே பூக்கத் தொடங்கி, மற்றவை உதிர்த்து முடித்த பிறகும் பூத்துக்கொண்டிருப்பதால் அதற்குக் கிறுக்கன் என்று பெயர். கிறுக்கனின் பருப்பை வாயில் வைக்க முடியாது. ஆனால் அதன் பூவில் புரண்டுவிட்டு வந்த தேனீக்கள்தாம் இரண்டு தோட்டங்களையும் காய்க்க வைத்தன. நெஜாத்துக்கு இது தெரியாத செய்தி அல்ல. கோபமாக இருந்த நாட்களில் அது நினைவுக்கு வரவில்லை. அல்லது வந்ததை அவர் உள்ளே விடவில்லை.

கோபத்துக்குக் காரணம் ஒரு பருப்பு. கிறுக்கனின் கிளைகள் சுவருக்கு மேலாக நீண்டு, நெஜாத்தின் நிலத்தில் கொட்டைகளை உதிர்க்கும். உடைத்துக் கடித்தால் ஒழிய வித்தியாசம் தெரியாது. சென்ற ஆகஸ்டில் காப்பிக்கடை வாசலில் வைத்து வியாபாரி அவருடைய சாக்கைப் பிரித்தார், ஒன்றை உடைத்து வாயில் போட்டார், மென்றார், துப்பினார், தண்ணீர் கேட்டார். நடந்தது அவ்வளவே. ஆனால் அன்று முதல் நெஜாத் கடைக்குள் நுழைந்தால் போதும், ஆட்டுக்கார துர்முஷ் கடைக்காரரைப் பார்த்து, "நம்ம நெஜாத்துக்கு இன்னும் ரெண்டு சக்கரக் கட்டி சேத்துப் போடுப்பா, வாயெல்லாம் கசக்குதாம்" என்பான். துர்முஷ் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கேலி செய்யும் உரிமையை அந்தப் பெஞ்சிலேயே எடுத்துக்கொண்டவன் இன்றுவரை திருப்பித் தரவில்லை.

அந்த மரத்தை வெட்டிவிடலாமே என்று நெஜாத் ஹூரியேயிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தேனீப் பெட்டியைத் திறந்து வைத்திருந்த அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அது பாட்டுக்கு நிக்குதுண்ணே. ஒரு கசப்புக்காக வெட்டணும்னா, இந்த ஊர்ல மொதல்ல துர்முஷ் அண்ணனத்தான் வெட்டணும்."

அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனபோது சிரித்ததற்காகவும் கோபம் வந்தது.

அக்டோபரில் யாகுப்புக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஹூரியே அவனை இஸ்மிர் நகரத்துக்கு அழைத்துப் போனாள். வீட்டுச் சாவி, கோழிகள், தேனீப் பெட்டிகள், பறிக்க வேண்டிய ஒலிவக் காய்கள் எல்லாம் நெஜாத்திடமும் அவர் மனைவி மெலாஹத்திடமும் வந்தன. நம்பி விட்டுப்போகிறேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. அப்படிப் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. சாவியை மேசைமேல் வைத்து, செவலைக் கோழி கொத்தும் என்று மட்டும் எச்சரித்தாள். யாகுப்பின் புண் ஆறுவதற்கு நாளானதால் இருவரும் அங்கேயே அவள் அக்கா வீட்டில் தங்க நேர்ந்தது. நெஜாத் அவர்களுடைய ஒலிவத்தைப் பறித்து, ஆலைக்குக் கொண்டுபோய் ஆட்டி, எண்ணெயைத் தகர டின்களில் நிரப்பி அவர்கள் சமையலறையில் அடுக்கினார். ஒரு துளி குறையவில்லை. பின்னால் அந்த டின்களை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு ஆறுதல் வர வேண்டியிருந்தது, வரவில்லை.

நவம்பரில் லோடோஸ் அடித்தது. தெற்கிலிருந்து, கடலையே தூக்கிக்கொண்டு வருவதுபோல வரும் காற்று அது. அது ஓய்ந்த மறுநாள் காலை ரம்பத்துடன் போய்ப் பார்த்தபோது, கிறுக்கனின் கிளை ஒன்று முறிந்து சுவரின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அறுத்துப் போடுவதுதான் அவருடைய நோக்கம். அறுத்துப் போட்டார். அதன் பிறகும் ரம்பம் கையில் இருந்தது, மரம் எதிரில் இருந்தது, சுற்றிலும் எல்லார் தோட்டங்களிலும் முறிந்த கிளைகள் கிடந்தன. அடிமரத்தில் ரம்பத்தை வைத்தபோது தயங்கியதாக அவருக்கு நினைவில்லை. தயங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை எண்ணிக்கொண்டார். மரம் சுவரைத் தாண்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது.

காற்று கிறுக்கனைச் சாய்த்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார். மருத்துவமனை இரைச்சலுக்கு நடுவே ஹூரியே, எந்தப் பக்கம் விழுந்தது, சுவருக்குச் சேதமா என்று கேட்டாள். தன் பக்கம்தான் விழுந்தது, சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். விறகை அவரே அடுப்புக்கு எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வைத்தாள்.

அந்த விறகு தேவைப்படவே இல்லை. குளிர் வந்தபின் வெட்டிக்கொள்ளலாம் என்று மரத்தைக் கிடந்தபடி விட்டிருந்தார், குளிர் வரவில்லை. அடிமரமும் முழுதாக அறுபட்டிருக்கவில்லை. சாயும்போது ஓர் ஓரத்தில் கையகலப் பட்டையும் அதை ஒட்டிக் கொஞ்சம் மரமும் முறியாமல் வளைந்து பிடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கையகலம் போதுமாக இருந்தது. புத்தாண்டு பிறக்கும் முன்பே கிறுக்கன், விழுந்து கிடந்தபடியே, மொட்டுக் கட்டத் தொடங்கியது.

அந்தப் பட்டையை அறுத்து முடித்திருக்கலாம். ஒரே மரத்தை இரண்டாவது முறை கொல்லக் கை வரவில்லை. அப்படியே விட்டிருக்கவும் முடியாது. தரையில் கிடந்து பூக்கிற மரத்தைப் பார்க்க யாராவது வருவார்கள், பூவைப் பார்க்க வந்தவர்கள் அடியைப் பார்ப்பார்கள், அடியில் ரம்பம் போன தடம் வெண்ணெயில் கத்தி போனதுபோல நேராகத் தெரிந்தது. ஹூரியேயும் யாகுப்பும் திரும்பி வருவதற்கு முந்திய நாள், ஒலிவம் பறிக்கும்போது தரையில் விரிக்கிற பெரிய தார்ப்பாயை எடுத்துவந்து, சுவருக்கு அப்பால் நின்ற அடிக்கட்டையோடு சேர்த்து மரம் முழுவதையும் போர்த்தினார். மெலாஹத் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. கயிறு கட்டி முடித்ததும், முடிச்சு நிற்குமா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அன்று முழுவதும் அவள் அவரிடம் பேசியவை ரொட்டியையும் உப்பையும் பற்றியவையாக மட்டுமே இருந்தன. திரும்பி வந்த ஹூரியேயிடம், விறகு நனையக்கூடாது என்று மூடியிருப்பதாக அவர் சொன்னார். அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு கோழிகளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னாள்.

சரிவு முழுவதற்கும் கரு கொடுக்கக்கூடிய ஒரே மரம் அந்தத் தார்ப்பாயின் கீழே பூத்துக்கொண்டிருந்தது. இதை நெஜாத் தெளிவாக உணர்ந்தது, மஞ்சளித்த பிஞ்சுகள் உள்ளங்கையில் விழுந்த அந்தக் காலையில்தான். உணர்ந்த பிறகும் அவர் தார்ப்பாயை நோக்கிப் போகவில்லை. வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். அங்கே துர்முஷின் ஆட்டுப்பட்டியைச் சுற்றிக் கசப்பு வாதுமைகள் சில உண்டு. அவற்றில் பூத்த கிளைகளை வெட்டிவந்து, தண்ணீர் நிரப்பிய வாளிகளில் வைத்து மரங்களுக்கு இடையே நிறுத்தினால், மிச்சத்தைத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிராது. காற்று சாய்த்த மரத்துக்குப் பதிலாக அக்கம்பக்கத்துக்காரர் செய்த உதவி என்றே ஆகிவிடும். ஹூரியே அதற்கும் நன்றி சொல்வாள். ஏறும்போது அந்த எண்ணம் ஒருமுறை அவரை நிறுத்தியது. வாளியைக் கை மாற்றிக்கொண்டு மேலே நடந்தார்.

மேட்டு மரங்களில் பூவே இல்லை. எல்லாம் தளிர்விட்டிருந்தன. துர்முஷ் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, கிடாயின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான்.

"வாளியும் கையுமா வந்திருக்கே. பால் கறக்கவா?"

நெஜாத் வந்த காரியத்தைச் சொன்னார். பூத்த கிளை நாலைந்து கிடைத்தால் போதும் என்றார்.

"இங்க டிசம்பர்லயே கொட்டிப்போச்சு. மிச்சத்த இதுங்க மேஞ்சிடுச்சு." துர்முஷ் குளம்பைக் கீழே விட்டான். "உங்கிட்ட இருக்கிறத வெச்சிக்கிட்டு எங்கிட்ட வந்து கேக்கிறியே."

"எங்கிட்ட என்ன இருக்கு?"

"தார்ப்பா."

விறகு நனையக் கூடாது என்று மூடியிருப்பதை நெஜாத் மறுபடி சொன்னார். சொல்லும்போதே, இரண்டாவது தடவை சொல்லப்படும் பொய் முதல் தடவையைவிட எவ்வளவு மெலிந்துபோகிறது என்பது அவர் காதுக்கே கேட்டது.

"கடைசியா எப்ப மழ பேஞ்சுது நெஜாத்?" என்றான் துர்முஷ். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "போன வாரம் இந்தக் கிடா உன் தார்ப்பாக்குள்ள தலைய விட்டுட்டுது. கொம்பப் புடிச்சு வெளிய இழுத்தா, மூஞ்சியெல்லாம் பூ. கல்யாண மாப்ள மாதிரி நிக்கிது."

நெஜாத் அவன் சிரிப்பதற்காகக் காத்திருந்தார். துர்முஷ் சிரிக்கவில்லை.

"லோடோஸ் தெக்கேருந்து அடிக்கும். மரம் தெக்காலயே விழுந்து கெடக்கு. காத்துக்கு எதிரா விழுந்த மரத்த இந்த வயசுலதான் பாக்கிறேன்."

கிடா துர்முஷின் பையை முகர்ந்தது. அவன் அதைத் தள்ளிவிட்டான். நெஜாத், கடையில் சொல்லிவிட்டாயா என்று கேட்டார்.

"இல்ல. இதுல சிரிக்க ஒண்ணுமில்லயே."

அவ்வளவு காலமாக அந்த வாயிலிருந்து எத்தனையோ வந்திருக்கின்றன. எதுவும் இதுபோல் இறங்கியதில்லை. ஹூரியேவுக்குத் தெரியுமா என்று நெஜாத் கேட்டார்.

"தேனீப் பெட்டிய காத்துத் தெச பாத்து வெக்கிறவ அவ," என்று சொல்லிவிட்டு துர்முஷ் அடுத்த குளம்பைத் தூக்கினான். "நீயே யோசிச்சிக்க."

அதன்பின் நெஜாத் தினமும் தார்ப்பாய்வரை போனார், வந்தார். ஒவ்வொரு முறையும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். யாராவது பார்த்தால் முடிச்சைச் சரிபார்ப்பதுபோல இருக்கும். மேற்கிளை மொட்டுகள் விரிந்துகொண்டே வந்தன. தார்ப்பாயை எடுக்காமல் உள்ளிருந்து கிளைகளை மட்டும் வெட்டி வாளிகளில் வைக்கலாம் என்றும் யோசித்தார். எங்கிருந்து கொண்டுவந்தது என்று கேட்டால் மேட்டிலிருந்து என்று சொல்ல வேண்டும். மேட்டு மரங்கள் தளிர்த்து நிற்பது ஹூரியேயின் வாசலிலிருந்தே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஹூரியே அவர்கள் இருவரையும் பூவின் கீழே தேநீருக்கு அழைத்தாள். பூ நிறைந்த ஞாயிறன்று தோட்டமுள்ள எல்லா வீட்டாரும் மரத்தடியில் கம்பளம் விரிப்பார்கள். அழைப்பு வந்தால் போகாமல் இருக்க முடியாது. சமோவாரில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. பாலாடைக்கட்டியும் ஒலிவமும் எண்ணெயில் பொரித்த மாவும் தட்டுகளில் இருந்தன. வெயில் சுள்ளென்று அடித்தபோதும் யாகுப் மடியில் கம்பளி போர்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் இடம்விட்டு நின்றது. அவன் அருகில் கவட்டை வைத்த முட்டுக்கழிகள் ஒரு கட்டாகக் கிடந்தன. நடக்கச் சொன்ன வேளைகளில் நடந்துபோய் அவனே வெட்டி, பட்டை சீவி வைத்தவை.

"இப்பவே முட்டு குடுத்து வெக்கணும்ணே," என்றான். "காய் பிடிச்சப்புறம் போய் நின்னா கிளையெல்லாம் முறிஞ்சிடும். பாருங்க, இந்த வருஷம் எப்பிடிப் பூத்திருக்குன்னு."

நெஜாத் பார்த்தார். பார்க்காமல் இருக்க வழியில்லை.

"டாக்டர் படகுல ஏறக்கூடாதுன்னுட்டாரு. இனிமே கடல், மீனு எதுவும் கிடையாது. இதுதான்." யாகுப் மரங்களைக் கையால் காட்டினான், அவை தன்னுடைய ஆட்கள் என்பதுபோல. கிறுக்கன் போய்விட்டது ஒரு குறைதான், ஆனாலும் தேனீக்கள் எப்படியாவது மேட்டைத் தாண்டிப் போய்வந்துவிடும், இத்தனை பூவில் கால்வாசி நின்றால்கூடப் போதும் என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் வீட்டில் எண்ணெய்கூட இருந்திருக்காது என்றும் சொன்னான். மெலாஹத் ஒலிவக் கொட்டை ஒன்றை வாயிலிருந்து எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹூரியே தேநீர் ஊற்றினாள். எல்லாருடைய தட்டிலும் இரண்டிரண்டு சர்க்கரைக் கட்டிகள் வைத்தாள். நெஜாத்தின் தட்டில் வைத்த பிறகு, சற்று யோசித்ததுபோல இருந்து, இன்னும் இரண்டு வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கேலி இல்லை. வேறு எதுவும்கூட இல்லை. அடுத்த குவளைக்குத் திரும்பிவிட்டாள். அந்த நான்கு கட்டிகளையும் தேநீரில் போட்டுக் கலக்கினார். ஓர் இதழ் உதிர்ந்து மேலே மிதந்தது. குடித்தார்.

"ஒண்ணு கவனிச்சீங்களாண்ணே," என்றான் யாகுப், எதையோ இப்போதுதான் நினைத்துக்கொண்டவனாக. "இவ்வளவு பூவ விட்டுட்டு நம்ம தேனீங்க பாதி உங்க தார்ப்பாமேல போய் உக்காந்திருக்கு. காலையில நடக்கப் போனப்ப பாத்தேன். விறகுல என்ன தேனா ஊறுது?"

அவன் சிரித்தான். சிரித்தால் நெஞ்சு வலிக்கும்போலும். கம்பளியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மெதுவாக, தவணை தவணையாகச் சிரித்தான். அவனோடு யாரும் சிரிக்கவில்லை. ஹூரியே தன் குவளையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். மெலாஹத், தார்ப்பாய் கட்டிய நாளுக்குப் பிறகு முதன்முறையாக, கணவனை நேராகப் பார்த்தாள்.

நெஜாத் குவளையைத் தட்டில் வைத்தார். அது தட்டின் குழியில் சரியாக உட்காராமல் சத்தமிட்டது. மறுபடி எடுத்துச் சரியாக வைத்தார். எழுந்தார். எங்கே போகிறார் என்று யாகுப் கேட்டது காதில் விழுந்தது. சுவர்வரை நடந்து, கல்லில் கால் வைத்து ஏறி, அந்தப் பக்கம் இறங்கினார்.

தார்ப்பாயின் மடிப்புகளிலும் கயிறு இறுக்கிய இடங்களிலும் தேனீக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. சில விளிம்பின் அடியில் தலையை நுழைத்து, முடியாமல் பின்வாங்கி, சற்றுத் தள்ளி மறுபடி முயன்றன. முடிச்சுகள் வெயிலில் இறுகியிருந்தன. மெலாஹத் இழுத்துப் பார்த்த முடிச்சுதான் கடைசியில் அவிழ்ந்தது. விளிம்புக்குப் பாரமாக வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டு, ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். பழைய வெப்பமும், புழுங்கிய இலையின் நெடியும், அதன் பின்னாலேயே கசந்த தேன்போன்ற ஒரு மணமும் வெளியே வந்தன. பூக்கள் வெளுத்திருந்தன. தார்ப்பாயில் உரசிய பக்கமெல்லாம் பழுப்பேறி நசுங்கியிருந்தன. நடுவில், கிளைகள் தாங்கி இடம்விட்ட குழிவுகளில், முழுதாக விரிந்து, வெளிச்சம் பட்டதும் கண் கூசியவைபோல நின்றன. தேனீக்கள் தயங்கவே இல்லை.

முழுவதையும் இழுத்துத் தரையில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஹூரியே நின்றிருந்தாள். கையில் அவருடைய தேநீர்க் குவளை இருந்தது; எதற்காக எடுத்து வந்தாள் என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. அவள் பூவைத்தான் முதலில் பார்த்தாள். அதை எதிர்பார்த்திருக்கவில்லை என்பது தெரிந்தது. பிறகு அவள் பார்வை கிளைகளின் வழியாக இறங்கி, அடிமரத்துக்கு வந்து, வளைந்த பட்டைக்கு வந்து, ரம்பம் போன தடத்துக்கு வந்து நின்றது.

"காத்து இல்ல, ஹூரியே," என்றார் நெஜாத்.

தொலைவில் யாகுப், என்ன ஆயிற்று என்று இரண்டு முறை கேட்டான். மெலாஹத் ஏதோ பதில் சொன்னாள். சொற்கள் இங்கே எட்டவில்லை. ஹூரியே குவளையைச் சுவரின்மேல், உருளாத ஒரு கல்லாகப் பார்த்து வைத்தாள். பாவாடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் ஏறி இறங்கினாள். அவரைக் கடந்து, மரத்தைக் கடந்து, தரையில் குவிந்து கிடந்த தார்ப்பாயிடம் போய்க் குனிந்து, அதன் இரண்டு மூலைகளைத் தேடி எடுத்தாள்.

"அந்த முனையப் புடிங்க."

அண்ணே என்ற சொல் அதில் இல்லை.

பெரிய தார்ப்பாயை ஒருவராக மடிக்க முடியாது. அவர் தம் பக்கத்து மூலைகளைத் தேடிப் பிடித்தார். இருவரும் பின்னால் நடந்து, அதை விறைப்பாக இழுத்து, உதறினார்கள். ஒட்டியிருந்த இதழ்கள் எழுந்து விழுந்தன. நீளவாக்கில் ஒருமுறை மடித்தார்கள். பிறகு அவள் தன் பக்கத்தைப் பிடித்தபடி அவரை நோக்கி நடந்துவந்து, அவர் கையிலிருந்த மூலைகளை வாங்கிக்கொண்டாள். அவர் குனிந்து மடிப்பு விழுந்த விளிம்பை எடுத்தார். மறுபடி பின்னால் நடந்தார்கள், முன்பைவிடக் குறைவாக. மறுபடி அவள் வந்தாள். அவர் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்: அதன் பழைய எண்ணெய்க் கறையை, கயிறு அழுத்திய வரியை, நசுங்கிக் காய்ந்த ஒரு பூவை. மடிக்க மடிக்க அது கனத்தது. அவர்களுக்கு நடுவே இருந்த நீளம் குறைந்தது. மடிப்புக்குள் அகப்பட்டிருந்த தேனீ ஒன்று வெளியே வந்து, கால்களில் மஞ்சள் பொடியுடன் ஹூரியேயின் மணிக்கட்டில் சிறிது நேரம் நடந்து, எழும்பிச் சுவரைத் தாண்டி வடக்கே போயிற்று. அவள் கையை அசைக்கவில்லை. கடைசி மடிப்புக்கு மூலைகளை நீட்டியபடி வந்து நின்றாள். பார்த்துக்கொண்டிருப்பதற்கு இனி நெஜாத்துக்குத் தார்ப்பாயில் இடம் மிச்சமில்லை; எதிரில் அவள் முகம்தான் இருந்தது.